நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவை அரசாங்கம் படிக்க முடியுமா?

மொரீஷியஸின் குவாத்ர் போர்னிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் இங்கே, அக்கா ரீயூனியனில் சேன்ட் ஆந்த்ரேயில், மாமா வீட்டார் திருச்சியில். கோவில் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. இனிமேல் எல்லாருடைய செய்தியையும் அரசாங்கம் படிக்குமாம், மூன்று சிவப்பு டிக் வந்தால் போலீஸ் வீட்டுக்கே வருமாம். ஐரோப்பாவில் அப்படி ஒரு சட்டம் வருகிறது என்று அக்காவும் சொல்கிறார். அவருடைய பேரனுக்குத் தொடையிடுக்கில் சொறி. அதைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பவே பயப்படுகிறார். நாங்கள் டெலிகிராமுக்கு மாறிவிடலாமா? விபிஎன் போட்டால் போதுமா?"

முதலில் அந்தக் குரல் பதிவு. அது பொய். வாட்ஸ்அப்பில் இரண்டு டிக் வரைதான் உண்டு, படித்தால் அவை நீலமாகும். மூன்றாவது டிக்கும் கிடையாது, சிவப்பும் கிடையாது. இந்தியாவில் பல வருடங்களாகச் சுற்றிவரும் கதை இது. அனுப்பியவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், எல்லார் முன்னாலும் சொன்னால் அவர் மனம் நோகும்.

ஆனால் அக்கா சொல்வதில் விஷயம் இருக்கிறது. உங்களுடையது ஒரே குழுதான், ஆனால் அதன் மேல் மூன்று சட்டங்களின் நிழல் விழுகிறது. நம்மிடமிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கும் ரீயூனியன் பிரான்சுக்குச் சொந்தமான தீவு, ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. பிரஸ்ஸல்ஸில் ஒரு சட்டம் நிறைவேறினால் அது சேன்ட் ஆந்த்ரேயில் இருக்கும் உங்கள் அக்காவின் போனுக்கும் பொருந்தும்.

அங்கே நடந்தது இதுதான். 2022 மே 11 அன்று ஐரோப்பிய ஆணையம் ஒரு சட்ட முன்மொழிவைக் கொண்டுவந்தது. குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கும் படங்கள் பரவுவதைத் தடுப்பது அதன் நோக்கம். ஆணை பிறப்பிக்கப்பட்டால், செய்தி சேவை நடத்தும் நிறுவனம் தன் வழியாகப் போகும் படங்களையும் உரையாடல்களையும் சோதித்தாக வேண்டும், வாட்ஸ்அப், சிக்னல் போன்ற பூட்டிய சேவைகளும் உட்பட. எதிர்ப்பாளர்கள் இதற்கு 'சாட் கண்ட்ரோல்' என்று பெயர் வைத்தார்கள். 2023 நவம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் வேறு நிலை எடுத்தது: எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாத பூட்டை, தொடக்கூடாது, சந்தேகத்துக்கு உரியவர்களை மட்டும் நீதிமன்ற ஆணையோடு பார்க்கலாம். நாடுகளின் அரசுகள் அமர்ந்திருக்கும் கவுன்சிலில் இழுபறி நீடித்தது. 2025 அக்டோபரில் ஜெர்மனி எதிர்த்ததும் வாக்கெடுப்பு கைவிடப்பட்டது. நவம்பர் 26 அன்று கட்டாய ஸ்கேன் இல்லாத ஒரு உரையைக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது. நிறுவனங்கள் தாமாக முன்வந்து ஸ்கேன் செய்யலாம் என்ற ஏற்பாடு அதில் நிரந்தரமாகிறது. கட்டாயம் தேவையா என்று பிற்பாடு மறுபடி பார்க்கும் வழியும் திறந்தே இருக்கிறது. ஆக, 2025 முடியும் வரை உங்கள் அக்காவின் வாட்ஸ்அப்பை ஸ்கேன் செய்யச் சொல்லும் சட்டம் எதுவும் வரவில்லை. ஆனால் அந்த யோசனை செத்துப்போகவும் இல்லை.

குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமையைத் தடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். கேள்வி வழியைப் பற்றியது.

வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலிலிருந்து எல்லாச் செய்திகளும் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனில் போகின்றன. உங்கள் போனில் பூட்டப்பட்டு, அக்காவின் போனில்தான் திறக்கிறது. நடுவில் இருக்கும் நிறுவனத்திடம் சாவி கிடையாது. அப்படியானால் எப்படி ஸ்கேன் செய்வது? ஒரே வழி, பூட்டுவதற்கு முன்பே உங்கள் போனுக்குள் வைத்துப் பார்ப்பது. கோவில் உண்டியலுக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு, காணிக்கை போட வரும் ஒவ்வொருவரும் முதலில் கையை விரித்துக் காட்டவேண்டும் என்று பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துவது போன்றது இது. பூட்டை யாரும் தொடவில்லை, உண்மைதான். ஆனால் யார் எவ்வளவு போட்டார் என்பது தெரிந்துவிட்டதே! 'என்கிரிப்ஷனை நாங்கள் உடைக்கவில்லை' என்று அதிகாரிகள் சொல்லும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

போனுக்குள் இருந்து பார்க்கும் அந்தக் கண் எதைத் தேடும் என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே போலீஸ் வசம் உள்ள குற்றப் படங்களுக்கு ஒரு எண் அடையாளம் இருக்கும். அதோடு ஒப்பிடுவது ஓரளவு நம்பகமானது. மைக்ரோசாஃப்ட் 2009-இல் கொண்டுவந்த ஃபோட்டோடிஎன்ஏ அப்படித்தான் வேலை செய்கிறது. முதல் முன்மொழிவு இதோடு நிற்கவில்லை. யாரும் இதுவரை பார்க்காத புதுப் படங்களையும், குழந்தையை ஏமாற்றி வசப்படுத்தும் பேச்சையும் இயந்திரம் ஊகித்துப் பிடிக்க வேண்டும் என்றது. இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: இயந்திரம் 99.9 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 100 கோடிப் படங்களைப் பார்த்தால் 10 லட்சம் படங்களில் தவறிவிடும். அந்த 10 லட்சத்தில் உங்கள் அக்காவின் பேரனும் இருக்கலாம். பேச்சு இன்னும் சிக்கல். நம் வீடுகளில் ஒரே செய்தியில் தமிழ், கிரெயோல், பிரெஞ்சு மூன்றும் கலக்கும். 'பாப்பா, தோ ஃபின் மான்ஸே (சாப்பிட்டாயா)? குளிச்சாச்சா? தாத்தாவுக்கு ஒரு முத்தம் அனுப்பு' என்று ஒரு தாத்தா எழுதினால் இயந்திரம் அதை என்னவென்று புரிந்துகொள்ளும்?

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2021 பிப்ரவரியில் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, கைக்குழந்தையின் பிறப்புறுப்பில் வீக்கம் என்று, மருத்துவ நர்ஸ் கேட்டதால் படம் எடுத்தார். அவருடைய ஆண்ட்ராய்டு போன் அதைத் தானாகவே கூகுள் கணக்கில் ஏற்றியது. இரண்டு நாளில் கணக்கு முடங்கியது. மின்னஞ்சல், தொடர்பு எண்கள், மகனின் முதல் வருடப் படங்கள், கூகுள் வழியாக வாங்கியிருந்த போன் எண் எல்லாம் போயிற்று. போலீஸ் விசாரித்துக் குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. கவனியுங்கள், படம் சிக்கியது பூட்டிய செய்தியில் அல்ல, பூட்டாத பேக்கப்பில்.

ஆகவே அக்காவுக்கு என் பதில்: சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். டாக்டருக்குப் படம் அனுப்புவது குற்றம் இல்லை. ஆனால் படம் எடுப்பதற்கு முன் கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப்பை நிறுத்தி வைக்கட்டும், வாட்ஸ்அப் படங்கள் உள்ள ஃபோல்டருக்கும் சேர்த்து. சொறி உள்ள இடம் மட்டும் தெரிந்தால் போதும், முகம் வேண்டாம். வாட்ஸ்அப்புக்குள்ளேயே படம் எடுத்து, ஒரே முறை பார்க்கும் படமாக அனுப்பினால் கேலரியில் தங்காது. டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும் என்றால் சாதாரணமாக அனுப்பிவிட்டு, வேலை முடிந்ததும் அழித்து, குப்பைத் தொட்டி ஃபோல்டரிலிருந்தும் அழிக்க வேண்டும். இன்னொன்று: குழுவின் முகப்புப் படமும் நம் புரொஃபைல் படமும் அந்தப் பூட்டுக்குள் வருவதில்லை. அவற்றை வாட்ஸ்அப் ஸ்கேன் செய்கிறது. குளிக்கும் பேரனின் படத்தை அங்கே வைக்க வேண்டாம்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். 2021 ஏப்ரல் 14 அன்று நம் தகவல் தொழில்நுட்பத் தொடர்பு ஆணையம், அதாவது ஐசிடிஏ, ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. மொரீஷியஸிலிருந்து போகும் சமூக ஊடகப் போக்குவரத்தை மட்டும் தனியாகப் பிரித்து, உள்ளூர் சர்வர் ஒன்றின் வழியே திருப்பி, அங்கே திறந்து பார்த்து, சேமித்து, மறுபடி பூட்டி அனுப்புவது திட்டம். இதற்கு ஒவ்வொருவர் போனிலும் ஒரு டிஜிட்டல் சான்றிதழை நிறுவ வேண்டும். நிறுவியதும் உங்கள் போன் அந்த உள்ளூர் சர்வரையே ஃபேஸ்புக் என்று நம்பிவிடும். கஜகஸ்தான் 2019-இல் இதையே செய்ய முயன்றபோது குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் அந்தச் சான்றிதழைத் தடுத்தன.

இந்தத் திட்டம் வந்திருந்தாலும் வாட்ஸ்அப் செய்தியின் உள்ளடக்கம் தெரிந்திருக்காது, ஏனென்றால் அதன் உள்பூட்டு வேறு. ஆனால் ஃபேஸ்புக் பதிவு, கமெண்ட், பாஸ்வேர்டு எல்லாம் திறந்த புத்தகமாகியிருக்கும். சந்தேகப்படும் ஒருவரை நீதிபதியின் ஆணையோடு கண்காணிக்க நம் 2001-ஆம் வருட ஐசிடி சட்டத்திலேயே வழி இருக்கிறது. பிறகு ஒரு நாட்டையே ஏன் சலிக்க வேண்டும்? நம் அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவு கடிதப் போக்குவரத்தில் தலையிடாமல் இருப்பதையும் கருத்துச் சுதந்திரத்தின் பகுதியாகவே சொல்கிறது. மக்கள் எழுதினார்கள், வெளிநாட்டு உரிமை அமைப்புகள் எழுதின, மோசில்லாவும் கூகுளும் சேர்ந்து எழுதின. அது சட்டமாகவில்லை. அதனால் சொல்கிறேன்: எந்த அலுவலகத்தின் பெயரில் வந்தாலும் சரி, 'இந்தச் சான்றிதழை நிறுவுங்கள்' என்று ஒரு லிங்க் வந்தால் தொடாதீர்கள். வேலை செய்யும் நிறுவனம் தன் சொந்தக் கணினியில் போட்டிருந்தால் அது வேறு. அந்தக் கணினியில் குடும்ப விஷயம் பேச வேண்டாம்.

2024 அக்டோபரில் அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள் பலருடைய தொலைபேசி உரையாடல்கள் இணையத்தில் கசிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நவம்பர் 1 அன்று, தேர்தலுக்குப் பத்து நாள்கூட இல்லாதபோது, சமூக ஊடகங்களை முடக்க உத்தரவு வந்து மறுநாளே விலக்கப்பட்டது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: சாதாரண போன் காலுக்கு அந்தப் பூட்டு கிடையாது. சொத்து, நோய், வழக்கு பற்றிப் பேசும்போது வாட்ஸ்அப் அல்லது சிக்னல் காலில் பேசுங்கள்.

திருச்சி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் 2021 ஐடி விதிகள் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்கும் வசதி வேண்டும் என்கின்றன. வாட்ஸ்அப் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. என்கிரிப்ஷனை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் அங்கே வாதிட்டார். மாமாவுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: யார் எழுதியது என்று தெரியாத அரசியல் ஃபார்வர்டுகளைக் குழுவில் போட வேண்டாம்.

டெலிகிராம் வேண்டாம். பலர் அதைப் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். அதன் சாதாரண உரையாடல்கள் நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கின்றன, சாவியும் அவர்களிடமே. இரண்டு பேருக்கு மட்டுமான ரகசிய சாட் ஒன்று உண்டு, குழுவுக்கு அதுவும் கிடையாது. மாறத்தான் வேண்டும் என்றால் சிக்னலுக்கு மாறுங்கள். யார் யாருடன் எப்போது பேசினார் என்ற குறிப்பைக்கூட அது வைத்துக்கொள்வதில்லை. வயதானவர்கள் மாற மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், வாட்ஸ்அப்பையே இறுக்கிக்கொள்ளலாம்.

விபிஎன், அதாவது நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியே அனுப்பும் சேவை, வழியில் இருக்கும் கண்ணிடமிருந்து நம்மை மறைக்கும். 2021 திட்டம் போன்றதற்கும், தளத்தை முடக்குவதற்கும் அது உதவலாம். போனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் கண்ணுக்கும், நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் கண்ணுக்கும் அது ஒன்றும் செய்யாது. இலவச விபிஎன் என்றால் உங்கள் போக்குவரத்து முழுவதையும் முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைப்பதாகவே முடியும்.

வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமானது பேக்கப். செய்தி பூட்டியிருந்தாலும், கூகுள் டிரைவில் ஏறும் அதன் நகல் நீங்கள் சொல்லாமல் எண்ட்-டு-எண்ட் பூட்டுக்குள் போகாது. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்' என்பதை இயக்குங்கள். கேட்கும் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். மறந்தால் வாட்ஸ்அப்பாலும் திறக்க முடியாது. குழுவில் ஒருவர் மட்டும் செய்யாவிட்டாலும் அந்தச் செய்யாதவரின் நகலிலிருந்தே எல்லாம் வெளியே போகலாம், ஆகவே எல்லாரும் செய்ய வேண்டும். அப்புறம் 'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்தைப் பார்த்து, தெரியாத கணினி இருந்தால் நீக்கிவிடுங்கள். டூ-ஸ்டெப் பின் எண்ணும் போட்டுவிடுங்கள். உண்மையைச் சொன்னால், நம் ஊர்க் குடும்பங்களின் செய்திகள் வெளியே போவது பெரும்பாலும் இப்படித் திறந்து கிடக்கும் கணினியாலும், வீட்டில் கைமாறும் போனாலும்தான்.

அக்கா பிரெஞ்சுக் குடிமகள் என்றால் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரான்சுக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 81 உறுப்பினர்கள். ரீயூனியன்வாசிகளும் அவர்களுக்கு வாக்களிக்கிறார்கள், பிரெஞ்சு அரசோ 2025-இல் கவுன்சிலில் ஸ்கேனுக்கு ஆதரவு காட்டியது. ஒரு பக்கம் எழுதினால் போதும்: 2023-இல் நாடாளுமன்றம் எடுத்த நிலையை விட்டு இறங்காதீர்கள், சந்தேகம் உள்ள ஆளை நீதிபதி ஆணையோடு பாருங்கள், மற்றவர்கள் போனில் கை வைக்காதீர்கள். 2024 பிப்ரவரி 13 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ரஷ்யா தொடர்பான ஒரு வழக்கில், எல்லாப் பயனர்களின் என்கிரிப்ஷனையும் பலவீனமாக்கும் கட்டாயம் ஒரு ஜனநாயக நாட்டில் அளவு மீறியது என்று சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே ஐசிடிஏ அடுத்த கலந்தாய்வு வைத்தால் நீங்களும் எழுதுங்கள். 2021-இல் கருத்துச் சொல்ல முதலில் வைத்திருந்த கெடுவே எதிர்ப்பு வந்தபின் மே 20 வரை நீண்டது.