டோஸ்ட்மாஸ்டர்ஸ் பொறுப்பாளர்களே, கேளுங்கள்: ரோல் பஞ்சம் முதல் சந்தா வரை

மேடைப் பேச்சு பழகும் நம் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகளில் ஜூலை 1 அன்று புதிய நிர்வாகக் குழுக்கள் பொறுப்பேற்றதிலிருந்து தினமும் யாராவது போன் செய்து ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள். சரி, எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்புங்கள், ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன். நான் பதினொரு வருடமாகச் சென்னையில் ஒரு கிளப்பில் இருக்கிறேன். ஏழு பொறுப்புகளில் தலைவர், விபிஇ (கல்விக்கான துணைத் தலைவர்), செயலாளர், பொருளாளர், சார்ஜன்ட் அட் ஆர்ம்ஸ் (மீட்டிங் ஏற்பாடுகளைக் கவனிப்பவர்) ஆகிய ஐந்தில் இருந்திருக்கிறேன். உறுப்பினர் சேர்க்கையும் விளம்பரமும் என் கைக்கு வந்ததில்லை, அவற்றைப் பற்றிச் சொல்வது பக்கத்தில் இருந்து பார்த்தது.

கேள்வி (கோவை, விபிஇ): அக்கா, சனிக்கிழமை மீட்டிங். வியாழன் ராத்திரி வரை டைமர் (பேச்சுகளுக்கு நேரம் பார்ப்பவர்) இல்லை, ஜெனரல் இவாலுவேட்டர் (மொத்த மீட்டிங்கையும் மதிப்பிடுபவர்) இல்லை. வாட்ஸ்அப் குழுவில் "யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மூன்று தடவை போட்டுவிட்டேன். எல்லாரும் பார்க்கிறார்கள், ஒருவரும் பதில் போடவில்லை.

பதில்: குழுவில் "யாராவது" என்று கேட்டால் முப்பது பேரும் பக்கத்து ஆளைத்தான் நினைத்துக்கொள்வார்கள். அதில் யார் மேலும் கோபப்பட முடியாது, கல்யாண வீட்டில் "யாராவது போய்த் தண்ணீர் வையுங்கள்" என்றாலும் இதுதான் நடக்கும். பெயர் சொல்லிக் கேளுங்கள், போனில் கேளுங்கள். "சனிக்கிழமை டைமர் நீங்கள் பார்த்தால் எனக்குப் பெரிய உதவி" என்று ஒருவரிடம் சொன்னால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். முடியாது என்றால் "அப்படியானால் அடுத்த மீட்டிங்?" என்று அதே போனிலேயே கேட்டுவிடுங்கள், அந்த அழைப்பு வீணாகாது.

இன்னொன்று, மாட்டேன் என்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த ரோலை எப்படிச் செய்வது என்றே தெரியாது, அதைச் சொல்லக் கூச்சம். ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சுக்கு ஐந்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. டேபிள் டாபிக்ஸுக்கு (அந்த இடத்திலேயே தலைப்பு கொடுத்துப் பேசவைப்பது) ஒன்று, ஒன்றரை, இரண்டு. டைமருக்குத் தெரிய வேண்டியது முக்கால்வாசி இவ்வளவுதான். இதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்து முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் கிளப்பில் ஒன்றரை வருடம் வெறும் பார்வையாளர் மாதிரி வந்துபோன ஒருவர் இப்படி டைமராகத் தொடங்கி அடுத்த வருடம் விபிஇ ஆனார்.

பட்டியலை நான்கு மீட்டிங்குக்குச் சேர்த்துப் போடுங்கள். அடுத்த மீட்டிங்கின் காலி இடங்களை இந்த மீட்டிங் முடிந்து ஆட்கள் கலையும் முன்பே, நேருக்கு நேர் பார்த்து நிரப்புங்கள். அப்படியும் ஆள் குறைந்தால் டைமரையும் ஆ கவுண்ட்டரையும் ("ஆ", "ம்" என்று இழுப்பதை எண்ணும் வேலை) ஒருவரே பார்க்கட்டும், தப்பே இல்லை.

கேள்வி (திருச்சி, பொருளாளர்): சந்தா கேட்பதற்கே சங்கடமாக இருக்கிறது. அக்டோபர் நெருங்க நெருங்கப் பாதிப் பேர் போனை எடுப்பதில்லை. நானே போட்டுக் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. நான் அதைச் செய்தவள். நான்கு பேருக்கு என் கையிலிருந்து கட்டினேன், இரண்டு பேர் அடுத்த மாதமே வருவதை நிறுத்திவிட்டார்கள். பணம் போனதைவிட, வழியில் அவர்களைப் பார்த்தால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைமை வந்ததுதான் எனக்கு வருத்தம்.

புதுப்பிக்கும் தேதிகள் அக்டோபர் 1, ஏப்ரல் 1. தலைமையகத்துக்கு ஆறு மாதத்துக்கு 60 டாலர், 2023 அக்டோபருக்கு முன்பு 45 ஆக இருந்தது. புதிதாகச் சேருபவருக்கு இதோடு 20 டாலர் நுழைவுக் கட்டணம். நீங்கள் வசூலிப்பது ரூபாயில், கட்டுவது டாலரில். நடுவில் மாற்று விகிதம் ஏறும், கார்டு கட்டணம் பிடிப்பார்கள். அதனால் கணக்குப் பார்த்ததற்குக் கொஞ்சம் மேலே ஒரு முழுத்தொகையாக, ஆகஸ்டிலேயே குழு கூடி முடிவு செய்து மினிட்ஸில் எழுதிவிடுங்கள். கடைசித் தேதி செப்டம்பர் 15 என்று சொல்லுங்கள். அப்போதுதான் இழுப்பவர்களைத் துரத்த இரண்டு வாரம் கிடைக்கும்.

குழுவில் "இன்னும் கட்டாதவர்கள்" என்று பெயர்ப் பட்டியல் மட்டும் போடாதீர்கள். கட்டாதவருக்கு உண்மையிலேயே கை நெருக்கடி இருக்கலாம். தனியாகப் போன் செய்து "இந்தத் தடவை தொடர்கிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். கல்லூரி மாணவர் என்றால் ஜூலையிலிருந்தே மாதாமாதம் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். தொடரவில்லை என்பவரை நல்லபடியாக அனுப்பிவையுங்கள், கதவு திறந்திருக்கட்டும். கிளப் உயிரோடு இருக்க எட்டுப் பேர் சந்தா கட்டியிருக்க வேண்டும், அதில் மூன்று பேராவது பழைய உறுப்பினர்களாக இருக்க வேண்டும். முதலில் அந்த எட்டை உறுதி செய்துகொண்டு மற்றவர்களிடம் பேசுங்கள், உங்களுக்கும் தூக்கம் வரும்.

கேள்வி (காஞ்சிபுரம், தலைவர்): எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் நல்ல பேச்சாளர். ஆனால் மதிப்பீடு செய்ய மேடை ஏறினால் குத்திக் கிழித்துவிடுகிறார். போன வாரம் ஐஸ் பிரேக்கர் (புதியவரின் முதல் பேச்சு) பேசிய பெண் அழுதுகொண்டே போனாள். அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்கு அப்பா வயது.

பதில்: முதலில் அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். "சார் அப்படித்தான், மனதில் வைத்துக்கொள்ளாதே" என்று சொல்லாதீர்கள், அது அவருக்கு வக்காலத்து வாங்குவது. அவள் பேச்சில் உங்களுக்குப் பிடித்த ஒரு வரியை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். "அடுத்த பேச்சு எப்போது, நானே மதிப்பீடு செய்கிறேன்" என்று கேளுங்கள். என் முதல் பேச்சு நினைவுக்கு வருகிறது. நான்கிலிருந்து ஆறு நிமிடம் பேச வேண்டியதை இரண்டரை நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தேன், கை நடுக்கம் நிற்கவே இல்லை. மதிப்பீடு செய்தவர் எழுந்து, "உங்கள் பாட்டி அடுப்பங்கரையில் ரேடியோ கேட்டதைச் சொன்னீர்களே, அந்த இடத்தில் இன்னும் ஒரு நிமிடம் இருந்திருக்கலாம், எங்களுக்குக் கேட்க ஆசையாக இருந்தது" என்றார். குறைவாகப் பேசினேன் என்பதைத்தான் அவரும் சொன்னார். நான் அடுத்த வாரமும் போனேன்.

பெரியவரிடம் எல்லார் முன்னாலும் பேச வேண்டாம், மீட்டிங் நடந்த அன்றே சூட்டோடு சூடாகவும் வேண்டாம். இரண்டு நாள் விட்டு ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போங்கள். "சார், நீங்கள் சொன்ன குறைகள் சரிதான், ஆனால் அந்தப் பெண் திரும்பி வரவில்லை என்றால் அவற்றைத் திருத்திக்கொள்ள ஆளே இருக்காது. மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு குறை, அதையும் எப்படிச் சரிசெய்வது என்பதோடு சொல்லுங்கள்" என்று பணிவாக, ஆனால் மழுப்பாமல் சொல்லுங்கள். அப்பா வயது என்பதால் சொல்லாமல் விட்டால் அடுத்த புதியவரும் அழுவார். அப்புறம் உங்கள் விபிஇயிடம் சொல்லி, ஐஸ் பிரேக்கர்களுக்கு அவரைப் போடாமல் அனுபவசாலிகளின் பேச்சுக்குப் போடச் சொல்லுங்கள். அவருடைய கண்டிப்பு அங்கே உண்மையிலேயே தேவை.

கேள்வி (சேலம், உறுப்பினர் சேர்க்கைக்கான துணைத் தலைவர்): வாராவாரம் விருந்தினர் வருகிறார்கள், "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், திரும்புவதில்லை.

பதில்: அவர்களை எங்கே உட்காரவைக்கிறீர்கள்? நான் பார்த்த பல கிளப்புகளில் விருந்தினர் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பார், உறுப்பினர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து என்ன நடக்கிறது என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். டேபிள் டாபிக்ஸில் பேச விருப்பமா என்று முன்கூட்டியே கேளுங்கள், திடீரென்று பெயரைக் கூப்பிட்டு மிரளவைக்காதீர்கள். மறுநாள் போன் செய்யுங்கள். படிவத்தை நீட்டும் முன்பு "எதற்காக வந்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவருக்கு வேலை நேர்காணல், ஒருவருக்கு மகள் கல்யாணத்தில் நான்கு வார்த்தை பேச வேண்டும். அது தெரியாமல் நாம் பாத்வேஸ் பயிற்சித் திட்டம், ஐந்து லெவல் என்று விளக்கிக்கொண்டிருந்தால் அவர் ஏன் வருவார்?

கேள்வி (விழுப்புரம், செயலாளர்): எங்களுடையது ஆங்கில கிளப். தமிழ் வழியில் படித்தவர்கள் இரண்டு மீட்டிங் வந்து, மொழித் தவறுகளைக் குறித்துச் சொல்லும் கிராமேரியனின் அறிக்கையைக் கேட்டதும் நின்றுவிடுகிறார்கள்.

பதில்: இது எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி, நானும் பன்னிரண்டாவது வரை தமிழ் வழிதான். கிராமேரியன் தவறுகளை வாசிக்கும்போது யார் சொன்னது என்ற பெயரை விட்டுவிடச் சொல்லுங்கள், நல்ல சொற்றொடர்களைச் சொல்லும்போது பெயரோடு சொல்லச் சொல்லுங்கள். இதைச் செய்த ஒரே மாதத்தில் எங்கள் அறையில் காற்றே மாறியது. அப்புறம் இலக்கணம் வேறு, பேச்சு வேறு. ஒருவர் தப்பான ஆங்கிலத்தில் சொன்ன கதையை எல்லாரும் மூச்சுப் பிடித்துக் கேட்டார்கள் என்றால் அவர் நன்றாகப் பேசியிருக்கிறார், மதிப்பீட்டில் அது வர வேண்டும். மாதம் ஒரு மீட்டிங்கில் டேபிள் டாபிக்ஸை மட்டும் தமிழில் வைத்துப் பாருங்கள். வாயே திறக்காதவர் அன்று தயக்கமில்லாமல் பேசுவார், பேசத் தெரியாதவர் இல்லை என்பது அவருக்கும் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். ஆர்வம் இருப்பவர்கள் கூடினால் தமிழ் கிளப் ஒன்றையே தனியாகத் தொடங்கலாம், அப்படிப்பட்டவை ஏற்கெனவே இருக்கின்றன.

கேள்வி (மதுரை, தலைவர்): ஏழு பேர் குழு, ஆனால் நான்தான் எல்லாம். அஜெண்டா நான், போஸ்டர் நான், ஹால் சாவி வாங்குவதும் நான். வீட்டில் சண்டை வருகிறது. விட்டுவிட்டால் கிளப் படுத்துவிடுமோ என்று பயம்.

பதில்: நீங்கள் விடாமல் இருப்பதால்தான் மற்றவர்கள் கையை நீட்டவில்லை என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். குற்றம் சொல்லவில்லை, உங்களுக்குக் கிளப் மேல் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரால்ஃப் ஸ்மெட்லிக்கே இது நடந்தது. 1905ல் இல்லினாய் மாநிலத்து ப்ளூமிங்டனில் ஒய்எம்சிஏவில் முதன்முதலில் இப்படி ஒரு கிளப் தொடங்கினார். வேலை மாற்றலாகி அவர் ஊர் ஊராகப் போனபோது, பின்னால் விட்டு வந்த கிளப்புகள் ஓய்ந்து போயின. 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் தொடங்கியதுதான் நிலைத்தது. ஒரு ஆளை நம்பி இருக்கும் கிளப் அந்த ஆள் நகர்ந்தால் நிற்காது.

அதனால் இந்த வாரமே ஏழு பேரையும் உட்காரவைத்து, நீங்கள் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு தேதி. போஸ்டர் கொடுத்தவர் அசிங்கமாகச் செய்தாலும் அதையே போடுங்கள், ராத்திரி உட்கார்ந்து நீங்கள் திருத்தினால் அவர் இனிமேல் செய்ய மாட்டார். அஜெண்டா ஒரு மீட்டிங்குக்கு வராமலே போகட்டும், வானம் இடிந்து விழாது. உண்மையிலேயே செய்ய முடியாதவர் இருந்தால் தனியாகக் கேளுங்கள், "வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாமா?" என்று. பல பேர் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பார்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை நடக்கும் பொறுப்பாளர் பயிற்சிக்கு இந்தத் தடவை நீங்கள் மட்டும் போகாமல் இன்னும் மூன்று பேரைக் கூட்டிப்போங்கள். டிசிபி (கிளப்பின் ஆண்டுச் செயல்பாட்டை அளக்கும் திட்டம்) இலக்குக்கும் ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பேர் வேண்டும்.

கேள்வி (வேலூர், தலைவர்): 24 வயது, பெண். குழுக் கூட்டத்தில் நான் பேசி முடிக்கும் முன்பே முன்னாள் தலைவர்கள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பதில்: 1973 வரை இந்த அமைப்பில் பெண்களுக்கு அதிகாரப்பூர்வமாக இடமே இல்லை, தெரியுமா? ஹெலன் பிளாஞ்சர்ட் என்பவர் 1970ல் ஹோமர் என்ற ஆண் பெயரில் பதிந்துதான் சேர்ந்தார். 1985ல் அவரே முதல் பெண் சர்வதேசத் தலைவரானார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி யாரும் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தது இல்லை, கூசாமல் உட்காருங்கள். அஜெண்டாவை முந்தின நாளே அனுப்புங்கள், ஒவ்வொரு விஷயத்துக்கும் நேரம் போட்டு. குறுக்கே பேசினால் "சார், நான் முடித்துவிடுகிறேன், அடுத்து நீங்கள்" என்று சொல்லிவிட்டு, முடித்ததும் மறக்காமல் அவரைக் கூப்பிடுங்கள். மூன்று கூட்டம் விடாமல் செய்யுங்கள்.

கேள்வி (ஈரோடு, சார்ஜன்ட் அட் ஆர்ம்ஸ்): ஆறு மணி மீட்டிங் ஆறரைக்குத்தான் தொடங்குகிறது.

பதில்: ஆறுக்கு நான்கு பேர் இருந்தாலும் தொடங்குங்கள். காத்திருந்தால் நேரத்துக்கு வந்தவருக்குத்தான் தண்டனை.

கேள்வி (நாகர்கோவில், விபிஇ): பேஸ் கேம்ப்பில் (பாத்வேஸ் பயிற்சிக்கான இணையதளம்) லெவல் முடித்தவர்களின் கோரிக்கைகள் குவிந்து கிடக்கின்றன, நேரமே இல்லை.

பதில்: தலைவரும் செயலாளரும்கூட அனுமதிக்கலாம், பிரித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை பதினைந்து நிமிடம் போதும். மாதக்கணக்கில் உழைத்து முடித்தவரை ஒரு பட்டனுக்காகக் காக்கவைக்காதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர், தலைவர்): ஒன்பது பேர்தான் மிச்சம். அதில் ஐந்து பேர் வருவார்கள். மூடிவிடலாமா அக்கா?

பதில்: ஒன்பது பேருக்கும் தனித்தனியாக ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தக் கிளப் இருக்க வேண்டுமா, இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" நான்கு பேர் மனசார "ஆமாம்" என்றால் மூடாதீர்கள். வாராவாரம் நடத்துவதை மாதம் இரண்டாகக் குறையுங்கள். பக்கத்து ஊர்க் கிளப்போடு சேர்ந்து ஒரு மீட்டிங் நடத்துங்கள், உங்கள் ஏரியா டைரக்டரிடம் (உங்கள் பகுதிக் கிளப்புகளைக் கவனிப்பவர்) நிலைமையை ஒளிக்காமல் சொல்லுங்கள். இருபது பேர் இருந்தால்தான் கிளப் என்று வெட்கப்பட வேண்டாம். புதிதாகத் தொடங்கத்தான் இருபது வேண்டும், நடத்த எட்டு போதும். ஐந்து பேர் மட்டும் வந்த மீட்டிங் ஒன்றில் நான் இருந்திருக்கிறேன், ஒவ்வொருவரும் இரண்டு தடவை பேசினோம், பத்து மணிக்கு வாட்ச்மேன் வந்து விளக்கை அணைத்த பிறகுதான் கிளம்பினோம்.

ஒருவரும் ஆமாம் சொல்லவில்லை என்றால் மார்ச் முடிகிறவரை இழுக்காதீர்கள். கணக்கை முடித்து, கடைசியாக ஒரு மீட்டிங் வைத்து, பழைய உறுப்பினர்கள் எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசவிடுங்கள். பேச விருப்பம் இருக்கும் இரண்டு பேரைப் பக்கத்துக் கிளப்பில் நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். முதல் நாள் அவர்களோடு போய் உட்காருங்கள், அங்கே அவர்களுக்கு யாரையும் தெரியாது.