தடுப்பூசி போட்ட ஆறாம் நாள் 'பாசிட்டிவ்': தம்பிக்கு உண்மையிலேயே ஹெபடைடிஸ் பி இருக்கிறதா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. ஏ.சி. மெக்கானிக். சவூதி வேலைக்காக ஒரு ஏஜென்டிடம் பாஸ்போர்ட் கொடுத்திருக்கிறோம். "மெடிக்கலில் மஞ்சள் காமாலை பார்ப்பார்கள், முன்னாடியே ஊசி போட்டுக்கொள்" என்று அவர் சொன்னதால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டான். ஆறாம் நாள் மெடிக்கல். ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், அன்ஃபிட் என்று வந்துவிட்டது. இப்போது அதே ஏஜென்ட், 25 ஆயிரம் கொடுத்தால் 'நெகட்டிவ் ஆக்கும் ஊசி' போட்டு வேறு சென்டரில் பாஸ் செய்து தருகிறேன் என்கிறார். தடுப்பூசி போட்டவனுக்கு நோய் எப்படி வந்தது? கீழாநெல்லி கொடுக்கலாமா? அம்மா பயந்துபோய் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தனியாக வைத்துவிட்டார்.
ஒரு சகோதரி, சிவகங்கை மாவட்டம்

பதில்: சகோதரி, அந்த 25 ஆயிரத்தைக் கொடுக்காதீர்கள். தட்டையும் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். இந்த நோய் சாப்பாட்டுத் தட்டில் பரவாது. இந்த இரண்டையும் இன்றைக்கே செய்துவிட்டால் மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

ஹெச்பிஎஸ்ஏஜி என்பது ஒரு புரதம். ஹெபடைடிஸ் பி வைரஸின் மேல்சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1960-களில் பாரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் ஓர் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மனிதரின் ரத்தத்தில் இதைக் கண்டார். அதனால் முதலில் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்றே அழைத்தார்கள். 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கீழாநெல்லிக்கு வரும்போது அவர் பெயர் மறுபடி வரும்.

நம் உடம்பு ஒரு கிருமியை முழுசாகப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. கிருமியின் ஏதோ ஒரு துண்டு, அதன் வடிவம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்தத் துண்டுதான் ஆன்டிஜென். ரத்தத்திலும் நெறிக்கட்டிகளிலும் பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவத்தைப் பிடிக்கும். வந்த துண்டு எந்தச் செல்லோடு பொருந்துகிறதோ அது மட்டும், டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களின் துணையோடு, பல்கிப் பெருகி அந்தத் துண்டில் போய் ஒட்டும் ஆன்டிபாடியைச் சுரக்கும். கொஞ்சம் செல்கள் ஞாபகத்துக்கென்று தங்கிவிடும். இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: உடம்பு பார்த்த துண்டுக்கு மட்டும்தான் ஆன்டிபாடி செய்யும். பார்க்காத துண்டுக்குச் செய்யாது. உங்கள் தம்பியின் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

இந்த வைரஸிடம் ஒரு விசேஷம் உண்டு. நெல் தூற்றும்போது பதர் பறக்குமே, அதுபோல இது கல்லீரல் செல்லுக்குள் இருந்துகொண்டு உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் சட்டைகளை ரத்தத்தில் இறைத்துக்கொண்டே இருக்கும். ஒரு நிஜ வைரஸுக்கு ஆயிரம் பதர், அதற்கு மேலும்கூட. ஆன்டிபாடி வந்தாலும் பதரைப் பிடிப்பதிலேயே தீர்ந்துபோகும். மெடிக்கல் சென்டரில் பார்ப்பதும் இந்தச் சட்டையைத்தான். கார்டு டெஸ்ட் என்றால் ஓர் அட்டை. அதில் 'சி' என்று ஒரு கோடு, 'டி' என்று ஒரு கோடு. 'டி' இருக்கும் இடத்தில் சட்டையைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தடவி வைத்திருப்பார்கள். ரத்தத்தில் சட்டை இருந்தால் அங்கே சிக்கிக்கொள்ளும், இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். அந்தச் சட்டைக்குள் வைரஸ் இருந்ததா, பதரா, எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அந்த அட்டைக்குத் தெரியாது.

இப்போது தடுப்பூசிக்கு வருவோம். தடுப்பூசியில் இருப்பதும் அதே பதர்தான். 1981-ல் வந்த முதல் தடுப்பூசியை, நோயைச் சுமப்பவர்களின் ரத்தத்திலிருந்தே இந்தப் பதரைப் பிரித்தெடுத்துத்தான் செய்தார்கள். 1986 முதல் ஈஸ்ட் என்ற நொதிக்கும் பூஞ்சையில் வளர்த்து எடுக்கிறார்கள். ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் ஊசியால் நோய் வராது. ஆனால் ஊசி போட்ட கையோடு ரத்தத்தைச் சோதித்தால், ஊசியில் போன சட்டையே பரிசோதனையில் அகப்படலாம். போட்டு 18 நாள் வரைக்கும் இப்படிப் பாசிட்டிவ் காட்டலாம் என்பது மருத்துவத்தில் பதிவான விஷயம். உங்கள் தம்பிக்கு ஆறாம் நாள்.

ஆகவே அவனுக்கு நோயே இல்லாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. இல்லை, நோய் முன்பே இருந்து இப்போதுதான் தெரிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இன்றைக்கு இருக்கும் அந்த ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து உலகத்தில் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அதைப் பார்த்துவிட்டு "நிச்சயம் நோய்" என்பவரையும் நம்பாதீர்கள், "எல்லாம் ஊசியின் வேலை" என்பவரையும் நம்பாதீர்கள்.

எப்படிப் பிரிப்பது? வைரஸுக்குச் சட்டைக்கு உள்ளே இன்னொரு புரதம் இருக்கிறது. கோர் என்பார்கள், கொட்டை மாதிரி. தடுப்பூசியில் சட்டை மட்டும்தான், கொட்டை கிடையாது. ஊசி மட்டும் போட்டவரின் உடம்பு கொட்டையைப் பார்த்தே இருக்காது, எனவே அதற்கு ஆன்டிபாடி இருக்காது. நிஜ வைரஸ் நுழைந்தவரின் உடம்பு கொட்டையைப் பார்த்திருக்கும், ஆன்டிபாடி செய்திருக்கும், அது பெரும்பாலும் ஆயுசுக்கும் ரத்தத்தில் நிற்கும். அந்தப் பரிசோதனையின் பெயர் ஆன்டி-ஹெச்பிசி டோட்டல். லேபில் 'கோர் ஆன்டிபாடி டோட்டல்' என்று கேட்டாலும் தெரியும். "எதற்கு, ஹெச்பிஎஸ்ஏஜி போதுமே" என்று கவுன்டரில் சொல்வார்கள். கேட்டு வாங்குங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஊசி போட்ட தேதியிலிருந்து முழுசாக ஒரு மாதம் போகட்டும். இரண்டாவது டோஸ் ஒரு மாதத்தில் வரும். அதைப் போடுவதற்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். போட்டுவிட்டுக் கொடுத்தால் மறுபடி இதே குழப்பம். கார்டு டெஸ்ட் வேண்டாம், லேபில் கருவி வைத்து அளக்கும் எலிசா முறையில் ஹெச்பிஎஸ்ஏஜி, கூடவே கோர் ஆன்டிபாடி. இரண்டும் நெகட்டிவ் என்றால் ஆறாம் நாள் பிடிபட்டது ஊசியின் சட்டை. தம்பி நிம்மதியாக இரண்டாம் டோஸையும், ஆறாம் மாதம் மூன்றாம் டோஸையும் போட்டுக்கொள்ளலாம். இரண்டும் பாசிட்டிவ் என்றால் தொற்று நிஜம். ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று வந்தால் அந்தத் தாளோடு கல்லீரல் டாக்டரிடம் போங்கள். அதை வீட்டில் உட்கார்ந்து அலச வேண்டாம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை எழுதியதும் "நானும் போன வருஷம் ஊசி போட்டேன், அதனால்தான் பாசிட்டிவ்" என்று பலர் கேட்பார்கள். அப்படி இல்லை. போன வருஷம் போட்ட ஊசி இன்றைக்குச் சட்டையைக் காட்டாது, மூன்று மாதம் முன்னால் போட்டதும் காட்டாது. வாரக்கணக்கு மட்டும்தான். ஊசி போட்டதே இல்லை, ஆனாலும் பாசிட்டிவ் என்பவர்களுக்கு இந்தச் சலுகை சுத்தமாகப் பொருந்தாது. நொண்டிச் சாக்குக்காக இந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு, மூன்று வருஷம் சிகிச்சைக்கு வராமல் இருந்துவிட்டு, வயிற்றில் நீர் கோத்த பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் 34 வயது வெல்டர். கையில் ஒரு பை நிறைய பழைய ரிப்போர்ட் வைத்திருந்தார், எல்லாவற்றிலும் அதே ஒரு வரி, ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ். அடுத்தது என்ன என்று ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எனக்கு ஆற்றாமை இங்கேதான். மெடிக்கல் சென்டரில் ரத்தம் எடுக்கும் முன் "சமீபத்தில் ஊசி ஏதாவது போட்டாயா தம்பி?" என்று ஒரு வாக்கியம் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? கேட்பதில்லை. அன்ஃபிட் என்று அடித்துக் கொடுத்து அடுத்தவனைக் கூப்பிடுகிறார்கள். எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், வீட்டில் யாரைச் சோதிக்க வேண்டும், ஒன்றும் கிடையாது. ஏ.சி. ரிப்பேர் செய்யும் ஒருவனிடமிருந்து இது சக தொழிலாளிக்குத் தொற்றாது என்று தெரிந்தும், பாசிட்டிவ் என்றால் அன்ஃபிட் என்ற விதி அப்படியே இருக்கிறது. மருத்துவம் கைவிட்ட அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் கடை விரிக்கிறார்.

'நெகட்டிவ் ஆக்கும் ஊசி' என்று ஒன்று இல்லவே இல்லை. நான் விசாரித்த வரை அந்தப் பெயரில் போடுவது பெரும்பாலும் இதே தடுப்பூசியைத்தான். நோய் இருப்பவரின் ரத்தத்தில் ஏற்கெனவே சட்டைகள் கோடி கோடியாக ஓடுகின்றன. அதை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து டி செல்கள் களைத்துக் கிடக்கின்றன. அதில் 20 மைக்ரோகிராம் ஊசி, கடலில் கரைத்த பெருங்காயம். நோய் இல்லாதவருக்குப் போட்டாலோ, மறுபடி சில நாள் பாசிட்டிவ் காட்டும். இரண்டு வகையிலும் நஷ்டம்தான். 'வேறு சென்டர்' என்பதும் வெறும் பேச்சு. வளைகுடா மெடிக்கல் இப்போது வாஃபித் என்ற ஒரே இணையப் பதிவில் ஓடுகிறது, அன்ஃபிட் அதில் ஏறிவிடும். மிச்சம் இருப்பது ஆள் மாற்றி ரத்தம் கொடுப்பதும் போலி ரிப்போர்ட்டும். அப்படியே விமானம் ஏறினாலும், அங்கே இறங்கிய பிறகு இகாமாவுக்கு, அதாவது அங்கே தங்கும் அனுமதிக்கு, மறுபடி ஒரு மெடிக்கல் உண்டு. கடன் வாங்கிப் போனவன் அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டால் அந்தக் கடனை ஏஜென்டா அடைப்பார்? அவர் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும்.

ஒரு மாதம் கழித்து நெகட்டிவ் வந்தால், தடுப்பூசிச் சீட்டையும் இரண்டு ரிப்போர்ட்டையும் இணைத்து, அதே சென்டரில் மறுபரிசோதனைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஒப்புக்கொள்வார்கள் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. வாயால் கேட்டால் விரட்டுவார்கள், தாளாகக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

தொற்று நிஜம் என்று வந்தால்? பயப்பட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். பெரியவர்களாகி இந்த வைரஸ் தொற்றியவர்களில் 100-க்கு 95 பேர் ஆறு மாதத்துக்குள் தாங்களாகவே வென்றுவிடுவார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் நிலைமை தலைகீழ்; 100-க்கு 90 குழந்தைகளிடம் தங்கிவிடும், ஏனென்றால் அந்த வயதில் உடம்பு அதை வேற்றாளாகவே எடுத்துக்கொள்வதில்லை. நம் நாட்டில் இந்தத் தடுப்பூசி எல்லாக் குழந்தைகளுக்கும் என்று ஆனது 2011-ல்தான். உங்கள் தம்பி பிறந்த காலத்தில் அரசு ஊசிப் பட்டியலில் அது இல்லை. எனவே தம்பிக்கு உறுதியானால் அம்மாவும் நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தம்பிக்கு வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற கணக்கு), எல்எஃப்டி (கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்ற ரத்தப் பரிசோதனை), ஸ்கேன். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. தேவைப்பட்டால் டெனோஃபோவிர், என்டெகாவிர் என்ற நல்ல மருந்துகள் இருக்கின்றன. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். ஷேவிங் பிளேடு, பல் பிரஷ், நகவெட்டி மட்டும் அவனுடையது தனியாக இருக்கட்டும்.

கீழாநெல்லி விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் நான் முதலில் சொன்ன அதே பிளம்பெர்க்கும் சேர்ந்து, கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது என்று 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. வருத்தம் என்னவென்றால், பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. ஊரில் கீழாநெல்லியால் குணமானதாகச் சொல்லும் காமாலைகள் பெரும்பாலும் தானாகவே போகிறவை. பாட்டி அரைத்துக் கொடுத்த ஒரு உருண்டைக்கு நான் சண்டைக்கு வரமாட்டேன். அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் வருவேன். 'கல்லீரல் லேகியம்' என்று டப்பாவில் விற்பதைத் தொடவே வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

தடுப்பூசி போட்ட இடத்தில் தேதியோடு சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட அவசரம், ஏஜென்டிடம் இருக்கும் பாஸ்போர்ட்டை இன்றே கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட் எப்படி வந்தாலும் பாஸ்போர்ட் தம்பியின் கையில் இருக்க வேண்டும்.