கானாங்கோழி: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, குடமுருட்டிக் கரையில் உள்ள எங்கள் கொல்லைக்கு அந்தி நேரத்தில் கோழி போன்ற ஒரு பறவை வருகிறது. முகமும் மார்பும் வெள்ளை, முதுகு கறுப்பு. ஆள் அரவம் கேட்டதும் புதருக்குள் ஓடிவிடுகிறது. இது என்ன பறவை?

பதில்: நீங்கள் பார்த்தது கானாங்கோழி. வெண்மார்புக் கானாங்கோழி என்றும் எழுதுவார்கள். ஏறத்தாழ கவுதாரியின் அளவுதான். கால்களும் விரல்களும் மட்டும் நெடியவை. தொலைவில் கறுப்பாகத் தெரியும் முதுகு, அருகில் பார்த்தால் கருஞ்சாம்பல் நிறம். பச்சை கலந்த மஞ்சள் அலகின் மேற்புறத்தில், நெற்றியை ஒட்டி, ஒரு சிவப்புத் திட்டு இருக்கும். அடுத்த முறை வரும்போது வாலைக் கவனியுங்கள். நடக்கையில் அந்தக் குட்டை வாலைச் சுண்டிச் சுண்டி உயர்த்தும். அப்போதெல்லாம் அதன் அடியில் உள்ள செங்கல் நிறம் பளிச்சென்று தெரிந்து மறையும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை. பெயரில் கோழி என்று இருந்தாலும், இது நம் வீட்டுக் கோழிக்கு உறவன்று. சாரசக் கொக்கு அடங்கிய வரிசையைச் சேர்ந்தது.

கேள்வி: நாமக்கோழியும் தாழைக்கோழியும் இதுதானா?

பதில்: அல்ல. நாமக்கோழிக்கு உடல் முழுவதும் கறுப்பு, அலகும் நெற்றியும் மட்டும் வெள்ளை. வடுவூர் ஏரி போன்ற திறந்த நீர்ப்பரப்பில் நீந்திக்கொண்டிருக்கும். தாழைக்கோழிக்கு நெற்றியில் சிவப்புத் தகடும் விலாவில் வெள்ளைக் கோடும் உண்டு. கானாங்கோழிக்கும் நீந்தத் தெரியும் என்றாலும் அது பெரும்பாலும் கரையோரம் நடந்தே இரை தேடும்.

கேள்வி: மழை தொடங்கியதும் இரவெல்லாம் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறதே, ஏன்?

பதில்: அது இனப்பெருக்கக் காலத்துக் குரல். கோடையில் இருக்குமிடமே தெரியாமல் வாயடைத்துத் திரியும் பறவை, வாய்க்காலில் தண்ணீர் ஓடி மழையும் விழத் தொடங்கியதும் முதலில் உறுமல்போல் ஆரம்பித்து, பிறகு ‘குவாக், குவாக்’ என்று நிறுத்தாமல் கால் மணி நேரத்துக்கு மேலும் கத்தும். பகலில் ஆளைக் கண்டால் ஒளியும் பறவை, கத்துவதற்கென்று மூங்கில் கொத்திலோ வேலியின் உச்சியிலோ துணிந்து ஏறி அமர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வயலில் நெல்லுக்குச் சேதம் செய்யுமா?

பதில்: அஞ்ச வேண்டியதில்லை. பூச்சி, மண்புழு, நத்தை, சிறு மீன் ஆகியவையே முக்கிய இரை. விதையையும் இளந்தளிரையும் சிறிது தின்னும். நெற்பயிரை ஒடிப்பது பெரும்பாலும் இதைவிடப் பெரிய நீலத் தாழைக்கோழி. அந்தப் பழி பல இடங்களில் இதன் மேல் விழுகிறது.

கேள்வி: சாலையோரத்தில் பிடித்து விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். விற்பதைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: வாய்க்கால் ஓரத்துக் காட்டாமணக்குப் புதரை வெட்டப் போனபோது உள்ளே ஒரு கூடு இருந்தது. வெட்டலாமா?

பதில்: தயவுசெய்து இப்போது வெட்டாதீர்கள். கொடியும் குச்சியும் கோரையும் கொண்டு ஆழமில்லாத கிண்ணம்போல் கட்டிய கூட்டில், செம்பழுப்புப் புள்ளிகள் இட்ட வெளிர் முட்டைகள் ஆறேழு இருக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்; குஞ்சு பொரிய ஏறத்தாழ 20 நாட்கள் ஆகும். மேலே உள்ள மறைப்பை அகற்றிவிட்டுக் கூட்டை மட்டும் விட்டுவைத்தால், காகமும் கீரியும் எளிதில் கண்டுபிடித்துவிடும். ஜூனில் மேட்டூர் அணை திறக்கும் முன்பே, சித்திரை வைகாசியில், வேலையை முடித்துக்கொள்வது நல்லது. அப்போதும் இரு கரையையும் ஒரே ஆண்டில் மொட்டையடிக்காமல் ஒரு கரையை விட்டுவைத்தால் பறவைக்கு ஒதுங்க இடம் இருக்கும். பெரிய ஏரிகளைச் சரணாலயமாகக் காக்கிறோம். ஆனால் கானாங்கோழிக்கு ஏரியைவிட இந்த ஒரு முழப் புதர்தான் வீடு.

கேள்வி: என் மகன் வாய்க்காலோரம் தனியாக நின்ற ஒரு கறுப்புக் குஞ்சைக் கூடையில் எடுத்து வந்திருக்கிறான். எப்படி வளர்ப்பது?

பதில்: வளர்க்க வேண்டாம், எடுத்த இடத்துக்கே உடனே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். இதன் குஞ்சு பொரிந்தவுடன் கூட்டை விட்டு இறங்கித் தாய் தந்தையின் பின்னால் நடந்துவிடும். ஆள் வந்தால் சிதறி ஒளியும். ஆகவே தனியாக நிற்பதெல்லாம் கைவிடப்பட்டது ஆகாது. சென்ற ஐப்பசியில் ஒரு மதகடியில் நான் பார்த்தேன்: தாய் ஆகாயத்தாமரை இலைகள்மேல் விரல்களை அகல விரித்து நடந்து அக்கரை சேர்ந்துவிட்டது, கரித்துண்டு போன்ற நான்கு குஞ்சுகள் பின்னால் சென்றன, ஐந்தாவது மட்டும் என் நிழலைக் கண்டு இக்கரைக் கோரைக்குள் பதுங்கிவிட்டது. நான் விலகி வரப்பில் போய் அமர்ந்தேன். சிறிது நேரத்தில் தாய் திரும்பி வந்து மெல்லிய குரல் கொடுத்து அதை அழைத்துக்கொண்டு போயிற்று. உங்கள் மகனும் குஞ்சைக் கோரையின் அடியில் விட்டுவிட்டு, நன்றாகத் தள்ளிப் போய்ச் சத்தமில்லாமல் நின்று பார்க்கட்டும்.