கெர்னல் கான்ஃபிகர் பண்ண எக்ஸ்கான்ஃபிக் மாதிரி கிராஃபிக்கல் டூல் யூஸ் பண்றது கத்துக்குட்டி வேலையா?

யாரோ உங்கள கிண்டல் பண்ணிருக்காங்க, அதான் இந்தக் கேள்வி. காலேஜ் சீனியரா இருக்கும், இல்லன்னா டெலிகிராம் குரூப்ல ஏதாவது ஒரு அண்ணன். விடுங்க. நான் சம்பளம் வாங்கிட்டு லினக்ஸ் கெர்னல் பில்ட் பண்றவன், இன்னைக்கும் என் டெஸ்க்ல எக்ஸ்கான்ஃபிக் தான், அதாவது லினக்ஸோட மையமான கெர்னல்ல எது வேணும் எது வேணாம்னு மவுஸால தேர்ந்தெடுக்கற ஜன்னல்.

உடனே "சர்வர்ல எஸ்எஸ்ஹெச் போட்டு டெர்மினல் மட்டும் கிடைச்சா என்ன பண்ணுவ"ன்னு கமெண்ட்ல கிளம்பி வராதீங்க. அங்க டெர்மினல்லயே கீபோர்டால ஓடற மெனுகான்ஃபிக் தான், எனக்கும் தெரியும். ஆனா ரெண்டும் படிக்கறது ஆப்ஷன்களும் அதோட விதிகளும் இருக்கற ஒரே கேகான்ஃபிக் ஃபைல்கள, எழுதறது நீங்க தேர்ந்தெடுத்தது பதியற ஒரே டாட் கான்ஃபிக் ஃபைல. நீங்க மவுஸால டிக் அடிச்சீங்களா கீபோர்டுல தட்டினீங்களான்னு கம்பைலர் கேக்கப் போறதில்ல.

எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தாரு, மவுஸ தொட்டாலே மரியாதை போயிடும்னு நினைக்கிற ஆளு. ஒரு ஆர்ம் போர்டுல ரியல்டெக் சிப் வச்ச யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஓடணும். மனுஷன் விம் எடிட்டர்ல டாட் கான்ஃபிக்க திறந்து, அந்த சிப்போட டிரைவரான ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ லைன்ல 'எம்' (தேவைப்படும்போது லோடு ஆகற தனி மாட்யூல்) போட்டு, மிச்ச ஆப்ஷனுக்கு டீஃபால்ட் போடற ஓல்டுடெஃப்கான்ஃபிக் ஓட்டி பில்ட் பண்ணாரு, மாட்யூலே வரல. திறந்து பாத்தா போட்ட லைன காணோம். திரும்பப் போடறாரு, திரும்பக் காணோம். டூல்செயின் (கம்பைலர் வகையறா) மேல சந்தேகம், கிட் மேல சந்தேகம், கடைசில நான் தான் ஃபைல ஓவர்ரைட் பண்றேன்னு என் மேலயே சந்தேகம்!

நான் என் சீட்ல எக்ஸ்கான்ஃபிக் திறந்து, ஆப்ஷன் மெனுல ஷோ ஆல் ஆப்ஷன்ஸ், ஷோ டிபக் இன்ஃபோ ரெண்டையும் ஆன் பண்ணி, கன்ட்ரோல் எஃப்ல தேடினேன். ஹெல்ப் வர்ற இடத்துலயே அந்த டிரைவருக்கு மேக்80211ம் (வைஃபை டிரைவர்களுக்கு அடிப்படையான கெர்னல் பகுதி) யூஎஸ்பியும் வேணும்னு போட்டிருக்கு. மேக்80211 மேல ஒரு கிளிக், அது 'என்'ல, அதாவது வேணாம்னு கிடக்கு. யாரோ சைஸ் குறைக்கறேன்னு வயர்லெஸ் பகுதிய அணைச்சு வச்சிருக்காங்க. டிபெண்டன்சி, அதாவது அது நம்பி இருக்கற மத்த ஆப்ஷன் ஆன் ஆகாம இருக்கறப்போ ஒரு ஆப்ஷன கையால எழுதினா கேகான்ஃபிக் சத்தமில்லாம தூக்கிடும். மெனுகான்ஃபிக்ல ஸ்லாஷ் தட்டித் தேடினாலும் இதே விவரம் வரும், இல்லேங்கல, ஆனா மெனுவும் ஹெல்ப்பும் ஒரே ஸ்க்ரீன்ல நின்னா எனக்குச் சுளுவா இருக்கு, அவ்ளோதான்.

இது நேத்து வந்த சொகுசும் இல்ல. 2002 கடைசில 2.5.45 கெர்னல்ல டெவலப்பர் ரோமன் ஸிப்பலோட கேகான்ஃபிக் உள்ள வந்தப்பவே க்யூடிங்கற ஜன்னல் லைப்ரரில எழுதின எக்ஸ்கான்ஃபிக் கூடவே வந்துச்சு, அதுக்கு முன்னாடி டிசிஎல், டிகேங்கற ஸ்கிரிப்ட் கருவில எழுதின எக்ஸ்கான்ஃபிக் இருந்துச்சு.

ஒரு இன்டர்வியூல எக்ஸ்கான்ஃபிக்னு சொன்னதும் பேனல்ல ஒருத்தர் சிரிச்சாரு. மேல இருக்கற ஆப்ஷன் 'எம்'னா அத நம்பி இருக்கறதுக்கு ஏன் 'ஒய்' (கெர்னலுக்குள்ளயே சேர்க்கறது) கிடைக்காதுன்னு திருப்பிக் கேக்கணும் போல இருந்துச்சு, வேலை வேணுமேன்னு வாய மூடிட்டேன்.

சரி, உங்க விஷயம். சொந்த லேப்டாப்ல பழகறீங்கன்னு நினைக்கிறேன். க்யூடி டெவலப்மெண்ட் பேக்கேஜ் இல்லாம எக்ஸ்கான்ஃபிக் எழும்பாது, அத முதல்ல போடுங்க. பூட் ஃபோல்டர்ல இருக்கற கான்ஃபிக்க கெர்னல் சோர்ஸ் ஃபோல்டர்ல டாட் கான்ஃபிக்கா காப்பி பண்ணி, உங்ககிட்ட இருக்கற யூஎஸ்பி சாமான் எல்லாத்தையும் சொருகிட்டு லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டுங்க, லோடு ஆகாத மாட்யூல் எல்லாம் கழிஞ்சிடும், சொருகாம விட்டதோட டிரைவரும் சேர்ந்து போயிடும், அதுக்கு அப்புறம் என்ன திட்டாதீங்க. உபுண்டு மாதிரி டிஸ்ட்ரோவோட கான்ஃபிக்னா ட்ரஸ்டட் கீஸ் ஆப்ஷன்ல ஒரு பெம் ஃபைல் (சான்றிதழ் ஃபைல்) பேர் இருக்கலாம், அந்த ஃபைல் உங்ககிட்ட இருக்காது, பில்ட் பாதில நின்னுடும். எக்ஸ்கான்ஃபிக்ல அதத் தேடி, பேர அழிச்சு சேவ் பண்ணிட்டு பில்ட் போடுங்க.