படுக்கையில் இருக்கும் ஆச்சியைப் பார்க்கப் பிள்ளைகளோடு போகிறவருக்கு

வணக்கம் தம்பி. நீங்கள் கேட்டது இதுதானே: இங்கிலாந்தில் ரெடிங் வந்து இரண்டு வருடம், நிறுவனம் ஸ்பான்சர் செய்கிற ஸ்கில்டு ஒர்க்கர் வேலை விசா. அம்பாசமுத்திரத்தில் ஆச்சிக்கு இரண்டு மாதம் முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது, மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். ஆறு வயது மகளையும், இங்கேயே பிறந்த ஒன்றரை வயது மகனையும் கூட்டிக்கொண்டு போகலாமா, பயந்துவிடுவார்களா, அடுத்த ஜூலைப் பள்ளி விடுமுறை வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம், அக்டோபரில் பள்ளிப் பருவத்தின் நடுவே வருகிற அரைப்பருவ விடுமுறையிலேயே போய்விடுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில்தான் கையும் பேச்சும் வேகமாகத் தேறும். நிமோனியா, இன்னொரு ரத்தக்குழாய் அடைப்பு என்ற ஆபத்துகளும் அதே மாதங்களில்தான் அதிகம். ஜூலையில் ஆறு வாரம் தங்கலாம் என்று கணக்குப் போட்டு, அதற்குள் ஆச்சிக்கு ஆளே தெரியாத நிலை வந்துவிட்டால் அந்த ஆறு வாரத்தால் என்ன பயன்? இப்போது பத்து நாள் போதும். அந்தப் பத்து நாளிலும் பிள்ளைகள் ஆச்சியின் அறையில் இருக்கும் நேரம் ஒரு நாளைக்கு அரை மணிக்கு மேல் போகக்கூடாது.

டிக்கெட்டுக்கு முன்னால் மகனின் காகிதங்களைப் பாருங்கள். நிறையப் பேர் விழுகிற குழி இதுதான். நீங்களும் மனைவியும் விசாவில் இருக்கும்போது பிறந்த பிள்ளை, இங்கே பிறந்ததாலேயே பிரிட்டிஷ் குடிமகன் ஆகிவிடமாட்டான். இந்த நாட்டைவிட்டு வெளியே போகாதவரை அவனுக்குத் தனி அனுமதி இல்லாதது பிரச்சினையில்லை. ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்பி வர டிபெண்டன்ட் அனுமதி, அதாவது விசாவில் இருப்பவரைச் சார்ந்தவர் என்ற அனுமதி, கட்டாயம். இங்கிருந்தபடியே விண்ணப்பித்தால் முடிவு வர வழக்கமாக 8 வாரம் வரை ஆகும், அது வருமுன் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பம் வாபஸ் ஆனதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஊருக்குப் போய் அங்கிருந்து விண்ணப்பித்தால் வழக்கமாக 3 வாரம். அப்படியானால் பத்து நாள் பயணம் ஒரு மாதமாகிவிடும். விண்ணப்பக் கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டும் கட்ட வேண்டும். சீக்கிரம் முடிவு தரும் முன்னுரிமைச் சேவை கிடைத்தால் காசைப் பார்க்காமல் எடுத்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் அவனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்பது விதி. வருடம் தாண்டியிருந்தால் மத்திய அரசின் அனுமதியோடுதான் பதிவு நடக்கும், அது இழுக்கும். இதில் எது பாக்கி இருந்தாலும் முழுக் குடும்பமாக அக்டோபரில் போவது நடக்காது. அப்படியானால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் மூவருக்கும் இப்போது விசா அட்டை கிடையாது, எல்லாம் இணையக் கணக்கில் இருக்கும் ஈ-விசாதான். இடையில் யாராவது பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் புதிய எண்ணை யுகேவிஐ (பிரிட்டிஷ் விசா அலுவலகம்) கணக்கில் சேர்த்தாயிற்றா என்று பாருங்கள். சேர்க்காமல் விட்டால் திரும்பும்போது ஊர் விமான நிலைய கவுன்டரிலேயே நிறுத்திவைப்பார்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போவதாக இருந்தால் மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கைப்பையில் இருக்கட்டும்.

வேலையில் சம்பளத்தோடு விடுப்புக் கேளுங்கள். சம்பளமில்லா விடுப்பு ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 4 வாரத்தைத் தாண்டினால், சில விதிவிலக்குகள் தவிர, நிறுவனம் உங்களுக்கான ஸ்பான்சர்ஷிப்பையே நிறுத்த வேண்டிவரும். "இன்னும் ரெண்டு வாரம் இருந்துட்டு வாயேன்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

பள்ளிக்கூடம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. அரைப்பருவ விடுமுறையோடு முன்னும் பின்னும் ஓரிரு நாள் சேர்த்து ஹெட் டீச்சருக்கு எழுதுங்கள். "தவிர்க்க முடியாத விசேஷச் சூழ்நிலை" என்று காரணம் காட்டி, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலை இணையுங்கள். அனுமதிப்பது அவர் விருப்பம். மறுத்தாலும், 10 பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லா விடுப்பு 10 அரைநாள், அதாவது 5 முழுநாள், சேர்ந்தால்தான் அபராதப் பேச்சு வரும். வந்தால் ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. மகளுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். திங்கட்கிழமை வகுப்பில் அவளே ஆச்சி வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவாள்.

பாதை: ஹீத்ரோவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் உண்டு. ஆனால் சென்னையிலிருந்து நெல்லைக்கு வந்தே பாரத்தில்கூட ஏறக்குறைய 8 மணி நேரம், இல்லையென்றால் தூத்துக்குடிக்கு இன்னொரு விமானம். உங்கள் ஊர்ப்பக்கத்துக்கு துபாய் அல்லது தோஹா வழியாகத் திருவனந்தபுரம் இறங்கிக் காரில் போவதுதான் என் கணக்கில் நல்லது. சாமான்களை ஒரே தடவைதான் இறக்கி ஏற்றுவீர்கள், இறங்கியபின் காரில் தூங்குகிற பிள்ளையை ஊர் வரை எழுப்பவும் வேண்டாம். வாடகைக் காரில் குழந்தை இருக்கை இருக்காது. உங்களுடையதையே கொண்டுபோங்கள், பெரும்பாலான விமானங்களில் அதற்குத் தனிக் காசு கேட்பதில்லை.

தடுப்பூசிக்குப் புறப்பட இரண்டு வாரம் முன்னாலாவது ஜிபியிடம் (உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவர்) போங்கள், முடிந்தால் இன்னும் முன்னால். டைபாய்டும் ஹெபடைடிஸ் ஏ-வும் இங்கே இலவசம். ஹெபடைடிஸ் ஏ ஒரு வயதிலிருந்து போடலாம். டைபாய்டு இரண்டு வயதிலிருந்துதான் என்பதால் மகனுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரும் கைகழுவலும்தான் காவல். சின்னம்மையையும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் அந்த ஊசி வழக்கமான அட்டவணையில் சேர்ந்தது 2026 ஜனவரியில்தான், உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் போட்டிருக்காது. ஆச்சிக்கு அக்கி வந்து கொப்புளம் இருந்தால், ஊசியும் போடாமல் அம்மையும் வராத பிள்ளைக்கு அதிலிருந்து சின்னம்மை தொற்றும்.

காய்ச்சல் மருந்தை இங்கிருந்தே கொண்டுபோங்கள். ஊரில் பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மி.கி., 250 மி.கி. என்று வெவ்வேறு அளவில் கிடைக்கும். சொட்டு மருந்தோ ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இங்கே பழகிய கைக்கணக்கில் 5 மில்லி ஊற்றினால் சில புட்டிகளில் இரண்டு மடங்கும் சொட்டு மருந்தில் நான்கு மடங்கும் போய்விடும். ஒரு தடவைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. என்று மகனின் எடையை வைத்து முன்கூட்டியே கணக்குப் போட்டு, போனில் குறித்துவையுங்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது.

இனி ஆச்சி வீடு. இறங்கியதும் நேரே கட்டிலுக்கு ஓடவிடாதீர்கள். விமானத்தில் பிடித்த சளி வெளியே தெரிய ஓரிரு நாள் ஆகும். உங்களுக்கு அது வெறும் சளி, விழுங்க முடியாமல் படுத்திருக்கும் ஆச்சிக்கு அது நெஞ்சில் இறங்கிவிடும். முதல் இரண்டு நாள் சித்தி வீட்டிலோ அடுத்த தெருவிலோ தங்கி, ஜன்னலுக்கு வெளியே நின்று கையாட்டட்டும். பிறகும் யாருக்காவது இருமலோ காய்ச்சலோ இருந்தால் உள்ளே வேண்டாம். வயிற்றுப்போக்கு என்றால் நின்று 48 மணி நேரம் கழித்துத்தான். இரவுத் தங்கலும் வேறு வீட்டிலேயே இருந்தால் ஆச்சிக்கும் தூக்கம், உங்களுக்கும் நிம்மதி.

பிள்ளைகள் அங்கே இரவு ஒரு மணிக்கு மேல்தான் தூங்குவார்கள், பத்து மணிக்கு மேல்தான் எழுவார்கள். அதை எதிர்த்துப் போராடாமல் பார்க்கும் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள். குழாயில் கஞ்சி ஊற்றிய பிறகு ஒரு மணி நேரம் ஆச்சி தலையை உயர்த்தியே படுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பையன் கட்டிலில் ஏறிக் குதித்தால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகலாம். பார்த்துக்கொள்கிற அக்காவிடம் கஞ்சி நேரம், துடைத்துவிடும் நேரம், புரட்டிப் போடும் நேரம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கஞ்சிக்கு முந்திய அரை மணிதான் உங்களுடையது. காலையில் ஒரு கால்மணி, மாலையில் ஒரு கால்மணி.

பயப்படுவார்களா என்று கேட்டீர்கள். முன்னால் காட்டாமல் கூட்டிப்போனால் பயப்படுவார்கள். முந்தின நாளே ஆச்சியின் இப்போதைய படத்தை, குழாயும் கோணிய வாயும் தெரிகிற படத்தையே, மகளிடம் காட்டுங்கள். ஆச்சி தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, அதனால் வாயும் கையும் சொன்னபடி கேட்பதில்லை. அது ஒட்டாது. நீ செய்த எதனாலும் வந்ததில்லை. இவ்வளவு சொன்னால் போதும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுங்கள்: பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டென்று அழுகையோ சிரிப்போ பீறிட்டு வரும், அடக்க முடியாது. "பாப்பாவப் பாத்ததும் ஆச்சி அழுதுட்டா பாரு" என்று யாராவது சொல்லப்போக, தன்னால்தான் அழுகிறாள் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

உள்ளே போகும்போது ஆச்சியின் இடது பக்கமாகப் போங்கள். வலது விழுந்தவர்களுக்குச் சிலசமயம் அந்தப் பக்கத்துப் பார்வையும் குறைந்திருக்கும். வலது கையை யாரும் பிடித்து இழுக்கக்கூடாது, தளர்ந்த தோள்மூட்டு நழுவும். பையனை நீங்களே இடுப்பில் வைத்துக்கொண்டு கால்மாட்டில் நில்லுங்கள். குழாயும் சிறுநீர்ப் பையும் அவன் கைக்கெட்டும் உயரத்தில்தான் தொங்கும். பிஸ்கட், முறுக்கு, ஒரு வாய்த் தண்ணீர் எதையும் பிள்ளைகள் ஆச்சி வாயில் கொடுக்கக்கூடாது. பாசத்தில் செய்கிற இந்த ஒரு காரியம் உயிருக்கே வினையாகும்.

மாத்திரைகள் எங்கே இருக்கின்றன என்று முதல் நாளே பாருங்கள். நம் வீடுகளில் அவை கட்டிலோரத்து ஸ்டூலிலோ ஜன்னல் திட்டிலோதான் இருக்கும். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்றை விழுங்கினாலே ஒன்றரை வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு பீரோவின் மேல் ஏற்றுங்கள்.

அறைக்குள் என்ன பேசுவது? "இது யாருன்னு தெரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், சொந்தக்காரர்களையும் கேட்கவிடாதீர்கள். பேச்சு வராதவரிடம் பரீட்சை நடத்துவது கொடுமை. மகளே "ஆச்சி, நான் உங்க பேத்தி, வந்துட்டேன்" என்று பேரைச் சொல்லிக்கொண்டு போகட்டும். ஆம், இல்லை என்று தலையசைத்தால் போதும் என்கிற கேள்விகளாக, ஒன்று கேட்டு, பத்து விநாடி காத்திருந்து, பிறகு அடுத்தது. பேச்சு போனவர்களுக்கும் பழகிய பாட்டு வாயில் வருவதுண்டு. ஆச்சி பாடிய தாலாட்டோ, வெள்ளிக்கிழமைப் பாட்டோ உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அதில் நாலு வரியை இங்கேயே மகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

கைக்கு வேலை இருந்தால் பிள்ளைக்குப் பயம் வராது. ஆச்சியின் இடது கையில் தேங்காய் எண்ணெய் தடவுவது, தலை சீவுவது, கால்மாட்டில் போர்வையை இழுத்துவிடுவது எல்லாம் ஆறு வயதுக்கு முடியும். முத்தம் கொடு, காலைத் தொடு என்று யாரும் வற்புறுத்த வேண்டாம். அவள் வெளியே போகணும் என்றால் போகட்டும், முற்றத்தில் விளையாடட்டும்.

நினைவு என்று பார்த்தால் மகனுக்கு எதுவும் தங்காது. பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தையது நினைவில் நிற்பதில்லை. மகளுக்கும் திரும்பத் திரும்பப் பேசினால்தான் நிற்கும். ஆகவே பதிவு செய்யுங்கள், ஆனால் கட்டிலைச் சுற்றி நின்று போட்டோ எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். ஆச்சி கையும் பேத்தி கையும் மட்டும் தெரிகிற ஒரு படம், ஆச்சி குரல் எப்படி இருந்தாலும் அதில் ஒரு நிமிடம், ஆச்சி உட்காரும் திண்ணை, அரைத்த அம்மி, மாடக்குழி. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைச் சுவரிலிருந்து இறக்கி, ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுங்கள். யார் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்வதையும் போனில் பதியுங்கள்.

கிளம்பும்போது ஆச்சி தூங்குகிறார் என்று நழுவி வராமல், "போயிட்டு வாரோம் ஆச்சி" என்று பிள்ளைகளே சொல்லிவிட்டு வரட்டும். சித்திரைக்கு வருவோம் என்று தேதி மட்டும் சொல்லவேண்டாம். திரும்பிய பிறகு ஞாயிறு காலை இங்கே 10 மணிக்கு வீடியோவில் கூப்பிடுங்கள், அங்கே குளிர்காலக் கணக்கில் மாலை 3:30, கோடையில் 2:30. ஐந்து நிமிடம் போதும், போனை ஆச்சிக்கு இடது பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள்.

மகனின் காகிதம் அக்டோபருக்குள் வராது என்றால்: நீங்களும் மகளும் மட்டும் அரைப்பருவ விடுமுறையில் போய்வாருங்கள், மனைவியும் மகனும் அனுமதி வந்தபின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகட்டும். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். பயணக் காப்பீட்டை நம்பாதீர்கள், எடுக்கும்போதே நோயில் இருக்கும் உறவினரால் பயணம் ரத்தானால் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. நடுவில் ஆச்சிக்கு மோசமாகி ஐசியூ என்று போன் வந்தால் நீங்கள் மட்டும் தனியாகப் போங்கள். சின்னப் பிள்ளைகளை ஐசியூ உள்ளே பெரும்பாலும் விடமாட்டார்கள், வராந்தாவில் நாள் முழுக்க அவர்களை வைத்துக்கொண்டு உங்களால் ஆச்சி பக்கத்திலும் இருக்க முடியாது.