வாசகர் கேள்வி: நாவலின் முடிவை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றட்டுமா?

கேள்வி: கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஏழு வருடமாக எழுதிய என் முதல் நாவலை ஒரு பதிப்பகம் போடுவதாகச் சொல்லியிருக்கிறது. கடைசியில் கதாநாயகி புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போவதாக மாற்றினால்தான் விற்கும் என்கிறார்கள். 'திரைப்படம் உட்பட எல்லா உரிமைகளும் பதிப்பகத்துக்கே' என்று ஒரு தாளும் அனுப்பியிருக்கிறார்கள். முதல் புத்தகம்தானே, கையெழுத்துப் போட்டுவிடலாமா? வேலையையும் விட்டுவிட்டு முழுநேரமாக எழுத ஆசை.
– பெயர் வேண்டாம், பட்டுக்கோட்டை

பதில்: போடாதீர்கள்.

மாற்றச் சொல்வதெல்லாம் தலையீடு என்று நான் சொல்லவில்லை. "நடுவில் தொய்கிறது", "இந்த மாமியார் இப்படிப் பேசமாட்டாளே" என்று ஒருவர் சொன்னால் அவர் உங்கள் கதைக்குள் வந்து உட்கார்ந்து பேசுகிறார், அப்படிப்பட்ட ஆள் கிடைப்பதே அபூர்வம், காது கொடுத்துக் கேளுங்கள். "இப்படி முடித்தால் விற்காது" என்கிறவர் கல்லாப்பெட்டி பக்கத்தில் நின்று பேசுகிறார். விற்பனையைப் பற்றி அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணோடு ஏழு வருடம் இருந்தவர் நீங்கள், அவள் திரும்பிப் போவாளா மாட்டாளா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் சிறுகதை ஒன்றில், மகன் இறந்த செய்தி வந்த பிறகும் ஒரு அம்மா அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து வாழைப்பூவுக்குக் கள்ளன் எடுத்துக்கொண்டே இருப்பாள், ஒவ்வொரு பூவாக, விரலெல்லாம் கறுத்துப்போக. கதை அதோடு முடியும். பத்திரிகையில் வந்ததும் பேருந்து நிலையக் கடையிலேயே நின்று புரட்டினேன். 'அவள் கண்களில் நீர் பொங்கியது' என்று கடைசியில் ஒரு வரி, நான் எழுதாத வரி. அந்த வரியைப் பாராட்டி ஒருவர் கடிதம்கூட எழுதியிருந்தார், அதுதான் ரொம்ப நாள் வலித்தது. தொகுப்பு வந்தபோது அந்த வரியை எடுத்த பிறகுதான் நிம்மதி.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். நம் ஊரில் எழுதுகிறவர்கள் இதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள், எனக்கு இதில் ரொம்ப ஆதங்கம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று அதில் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, எந்த எல்லை என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் 57ஆம் பிரிவு. உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும், உங்கள் பெயருக்குக் கெடுதல் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமை உங்களிடமே இருக்கிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமெடுத்தவர்கள் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று இந்தப் பிரிவை வைத்துத்தான் வழக்குப் போட்டார். ஒப்பந்தமே இந்தப் பிரிவுக்குக் கட்டுப்பட்டதுதான் என்று 1986இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்காக எதிலும் கையெழுத்துப் போடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வழக்கு நடத்தப் பணமும் வருடங்களும் வேண்டும்.

வேலையை விடாதீர்கள். எழுத்தாளர்களில் லா.ச.ரா. வங்கியில் இருந்தவர், சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர். மாதாமாதம் வீட்டுக்கு அரிசி வேறெங்கிருந்தோ வந்துவிட்டால் "முடிவை மாற்ற மாட்டேன்" என்று சொல்ல வாய் வரும், வாடகை பாக்கி இருக்கும்போது வராது. நாவலை யாரும் போடாவிட்டால்? எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இலக்கிய இதழைப் பத்து வருடத்துக்கு மேல் கைக்காசைப் போட்டு நடத்தினார், புத்தகங்களைத் தானே சுமந்துபோய் விற்றார், எண்பது வயது தாண்டி 'சுதந்திர தாகம்' நாவலையும் தானே போட்டார். அவர் இறந்த பிறகு 2001இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது வந்தது. அவ்வளவு பாடு நீங்கள் பட வேண்டாம், இன்று 50 பிரதி, 100 பிரதி என்றுகூட அச்சடித்துத் தருகிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான்: 'எல்லா உரிமைகளும்' என்பதை அடித்துவிட்டு, 'தமிழில் அச்சு நூல் மட்டும், 3 ஆண்டுகளுக்கு' என்று எழுதுங்கள். எத்தனை பிரதி, எத்தனை சதவீதம், கணக்கு எந்த மாதம் என்பதும் இருக்கட்டும். மொழிபெயர்ப்பு, ஒலி நூல், மின்னூல், படம் எல்லாம் உங்களிடமே. எழுத்தாளர் சம்மதம் இல்லாமல் பிரதியில் மாற்றம் கூடாது என்று ஒரு வரியும் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.