கச்சானும் வண்ணப் படக்கதையும்

அன்புள்ள ஐயாவுக்கு,

என் மகனுக்குப் பத்து வயது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். ரொறன்ரோவில் இருக்கும் அவனது பெரியம்மா அனுப்பிய ‘நியூ கிட்’ என்ற ஆங்கில வண்ணப் படக்கதை நாவலைச் சில வாரங்களாகக் கையை விட்டு இறக்காமல் வைத்திருந்தான். ஆங்கிலம் அரைகுறையாகத்தான் விளங்குகிறது. ஆனாலும் கேட்டால் கதையைச் சொல்லிவிடுகிறான். படம் பார்ப்பது வாசிப்பாகாது, பரீட்சை முடியும்வரை அதைப் பூட்டி வையுங்கள் என்று வகுப்பாசிரியர் சொல்கிறார். வாசிக்கும்போது கொறிக்க ஏதாவது வேண்டும் என்பது இன்னொரு தொல்லை. மிக்சர் கொடுத்தேன், இரண்டு பக்கங்களில் மஞ்சள் கறை பிடித்துவிட்டது. நான்கு வயதுத் தங்கையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். கடைசியில் புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். நான் செய்தது சரிதானா?

ஒரு தாய், களுவாஞ்சிகுடி

அன்புள்ள சகோதரிக்கு,

சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆசிரியரின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் படம் பார்ப்பது வாசிப்பாகாது என்ற அவரது கருத்தை நான் ஏற்கவில்லை. உங்கள் மகனின் கையிலிருந்த அதே புத்தகத்துக்குத்தான் 2020 ஆம் ஆண்டு நியூபெரி பதக்கம் கிடைத்தது. சிறுவர் இலக்கியத்துக்காக அமெரிக்காவில் 1922 முதல் வழங்கப்பட்டுவரும் அந்தப் பதக்கத்தை ஒரு படக்கதை நாவல் பெற்றது அதுவே முதல் தடவை. சித்திரத்துக்கென்று 1938 முதல் கல்டிகொட் என்ற வேறொரு பதக்கம் அங்கே இருக்கும்போது, எழுத்துக்கான பதக்கத்தை நடுவர்கள் இதற்குக் கொடுத்தார்கள் என்பதை ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

அந்தக் கதையின் நாயகன் ஜோர்டான் படம் வரைவதில் உயிரானவன். ஓவியப் பள்ளிக்குப் போக ஆசைப்படும் அவனைப் பெற்றோர் வசதியான ஒரு தனியார் பாடசாலையில் சேர்க்கிறார்கள். அவனைப் போன்ற கறுப்பினப் பிள்ளைகள் அங்கே மிகச் சிலரே. பாடசாலைக்குப் போகும் பேருந்து ஒவ்வொரு குடியிருப்பாகக் கடந்து செல்லச் செல்ல, அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி அவன் தன் தோற்றத்தையும் உட்காரும் விதத்தையும் மாற்றிக்கொள்கிறான். உரைநடையில் இதை எழுதினால் ஒரு பக்கம் விளக்க வேண்டியிருக்கும். இங்கே பிள்ளை கட்டத்துக்குக் கட்டம் அவன் உடையையும் தோளையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தானாகவே கண்டுபிடிக்க வேண்டும். கதை முழுவதும் வண்ணத்தில் ஓடுகிறது. ஆனால் ஜோர்டான் தன் வரைதல் கொப்பியில் கீறும் பக்கங்கள் மட்டும் கறுப்பு வெள்ளையில் வருகின்றன. வண்ணம் மறைந்தவுடன், இனிமேல் வருவது அவன் வெளியே சொல்லாத பேச்சு என்று வாசிக்கிற பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. அதை விளங்கிக்கொள்வதற்கு வாசிப்பு என்பதைத் தவிர வேறு என்ன பெயர் வைப்பது?

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தங்கையின் மகள் கல்லடி வீட்டு விறாந்தையில் இருந்து ஒரு படக்கதையை வாசித்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று, “ஏன் மாமா இவன் இதில கதைக்கல்ல?” என்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். முதற் கட்டத்தில் இரண்டு நண்பர்கள் சண்டை பிடிக்கிறார்கள். அடுத்த கட்டத்தில் ஒருவன் மட்டும் யன்னலருகே நிற்கிறான், பேச்சுக் குமிழி இல்லை. மற்றவன் எப்போது போனான், போகும்போது என்ன சொன்னான் என்பதெல்லாம் அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் உள்ள விரலகல வெள்ளை இடைவெளிக்குள் கிடந்தது. அந்தப் பக்கத்தில் அவள் நீண்ட நேரம் நின்றாள். பிறகு, “இவன்தான் பிழை செய்தவன், அதுதான் பேசாம நிக்கிறான்” என்று தானே முடிவு சொன்னாள்.

தின்பண்டத்தைப் பற்றி நீங்கள் கேட்டதை நான் சிறிய விடயமாக நினைக்கவில்லை, ஏனென்றால் படக்கதை வாசிப்பின் பெரிய குறை வேகம்தான். குமிழிகளை மட்டும் படித்துக்கொண்டு போனால் ஒரு புத்தகம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அப்படி முடித்த பிள்ளை பாதிக்கதையைத்தான் வாசித்திருக்கும். மிக்சர் அந்த வேகத்தைக் கூட்டுகிறது. கை கிண்ணத்துக்கும் வாய்க்குமாகத் தன்பாட்டில் ஓட, பக்கமும் கூடவே புரள்கிறது. பளபளப்பான தாளில் எண்ணெயும் மஞ்சளும் படிவது அதற்கு மேலதிகமான கெடுதி. முறுக்குக்கும் கொக்கிஸுக்கும் இதே எண்ணெய்க் கதைதான்.

அதனால் கோதுடன் வறுத்த கச்சானைக் கொடுங்கள். மாமாங்கத் திருவிழாவில் சுருளில் வாங்கி வருவோமே, அதே கச்சான்தான். ஒரு கச்சானை எடுத்து, விரலால் நெரித்து, கோதைத் தட்டத்தில் போட்டு, உள்ளே இருக்கும் பருப்பின் சிவந்த தோலை ஊதிவிடும்வரை பக்கத்தைப் புரட்டக் கை ஒழியாது. கண்ணோ அதே பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். நான் மேலே சொன்ன அந்த மௌனக் கட்டத்தை என் மருமகள் கண்டதும் கையில் பாதி உடைத்த கச்சானோடுதான். கோது போட ஒரு தட்டம், கை துடைக்க ஈரமில்லாத ஒரு துணி, இவை இரண்டும் போதும். சின்னவளுக்கு மட்டும் கச்சான் வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் தொண்டையில் சிக்கிவிடும். அவளுக்கு ஒரு கதலிப் பழம் கொடுங்கள். இருவரில் யாருக்காவது கச்சான் ஒவ்வாது என்றால் வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம், அவித்த சோளத்தை உதிர்க்காமல் பொத்தியாகவே அவன் கையில் கொடுக்கலாம்.

தின்பண்டத்தை வாசித்து முடித்ததற்கான கூலியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். பத்துப் பக்கம் வாசித்தால் கச்சான் என்று சொன்னால், அவன் பத்துப் பக்கத்தை எண்ணத்தான் பழகுவான்.

ஆங்கிலம் அரைகுறை என்று வருந்தியிருக்கிறீர்கள். பக்கத்தில் வந்து உட்காரும் தங்கைக்கு ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் சொல்லிக் காட்டும்படி கேளுங்கள். விளங்காத சொல்லை முகத்திலிருந்தும் கை அசைவிலிருந்தும் ஊகித்துத்தான் அவனால் சொல்ல முடியும். சின்னவள் கேட்கிற கேள்விகளுக்கும் அவனே பதில் தேட வேண்டியிருக்கும். உங்கள் எழுத்தைப் பார்த்தால், இதை அவன் பாதி தொடங்கிவிட்டான் என்றே தோன்றுகிறது.

இந்தப் புத்தகம் பரீட்சையில் புள்ளிகளைக் கூட்டும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அதற்காக அது எழுதப்படவுமில்லை. ஆனால் காலையில் பாடசாலை, பின்னேரம் ரியூசன், இரவில் மாதிரி வினாத்தாள் என்று ஓடுகிற பத்து வயதுப் பிள்ளைக்கு, பிழை திருத்தப்படாத அரை மணித்தியாலம் ஒன்று நாளுக்கு வேண்டும். நான் படித்த காலத்தில் என் மேசை லாச்சியிலிருந்து ஓர் ஆசிரியர் எடுத்துக்கொண்டு போன படக்கதைப் புத்தகம் எனக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. அதன் முடிவு இன்றுவரை எனக்குத் தெரியாது.

கறை பிடித்த பக்கங்களில் கொஞ்சம் முகப்பவுடரைத் தூவி, மேலும் கீழும் வெள்ளைத் தாள் வைத்து, ஓரிரவு பாரத்துக்குக் கீழே வையுங்கள். எண்ணெய் ஓரளவு இழுபடும், மஞ்சள் போகாது. போகாவிட்டாலும் பரவாயில்லை, அலுமாரித் திறப்பை இன்று பின்னேரமே அவனிடம் கொடுத்துவிடுங்கள்.